நியூரோபிக்சல்ஸ் தரவுக்கு மெட்டாடேட்டா ஸ்கீமா: எதைக் கட்டாயமாக்குவது, எதை விடுவது?

வெள்ளெலி கேட்டது:

வணக்கம். சுண்டெலிகளின் மூளைச் செயல்பாட்டை நியூரோபிக்சல்ஸ் 1.0, 2.0 ப்ரோப்களால் (மூளைக்குள் இறக்கும் மெல்லிய மின்முனைக் கருவிகள்) பதிவு செய்யும் லேபுக்கான கேள்வி. மூன்று ஆண்டுகளில் சுமார் 180 செஷன் சேர்ந்திருக்கிறது. ரா டேட்டா சர்வரில் ஒழுங்காக இருக்கிறது. அதைப் பற்றிய விவரங்கள்தான் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. எலியின் பிறந்த தேதியும் மரபணு வகையும் எக்செல் ஷீட்டில். அறுவை விவரம் காகித நோட்டில். ப்ரோப்பை இறக்கிய ஆழம் அந்தந்த செஷன் ஃபோல்டரில் கையால் எழுதிய யாம்ல் (எளிய உரை வடிவம்) ஃபைலில். தூண்டல் அளவுகள் மேட்லாப் ஃபைலில்.

இவற்றை ஒரே ஸ்கீமாவுக்குள் (எந்த ஃபீல்டு, என்ன வடிவம் என்ற விதித்தொகுப்பு) கொண்டுவர வேண்டும். கட்டுரை வெளிவரும்போது தரவை டாண்டியில் (நரம்பியல் தரவுக்கான பொதுக் களஞ்சியம்) ஏற்றவும் வேண்டும். இப்போது கையில் இருக்கும் வரைவு: செஷனுக்கு ஒரு ஜேசன் (கட்டமைத்த உரை) ஃபைல், அதில் 94 ஃபீல்டு, 61 கட்டாயம். ஜேசன் ஸ்கீமாவால் சரிபார்க்கிறோம்.

1. இந்த அமைப்பு சரிதானா?
2. சொந்த ஸ்கீமா தேவையா, நேராக என்டபிள்யூபிக்கே (நரம்பியல் தரவுக்கான பொது ஃபைல் வடிவம்) போய்விடலாமா?
3. பழைய 180 செஷன்களை என்ன செய்வது?
4. ஆறு மாதத்தில் ஃபீல்டுகள் மாறும் என்று இப்போதே தெரிகிறது. அப்போது பழைய ஃபைல்கள் உடையாமல் இருக்க என்ன ஏற்பாடு?

(ஃபீல்டு பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், ஃபைலில் ஆங்கிலம்தான்.)

---

ஆறாம்அடுக்கு பதில்:

61 கட்டாய ஃபீல்டு என்றால் இரண்டாம் வாரத்திலேயே "தெரியாது", "-", "0" என்று நிரம்ப ஆரம்பித்துவிடும். எலி மயக்கம் தெளிவதற்குள் படிவத்தை முடிக்க வேண்டியவர் வேறு என்ன செய்வார்? வேலிடேட்டர் (சரிபார்க்கும் நிரல்) பச்சை காட்டும், உள்ளே இருப்பது குப்பை. காலியாக விட்ட ஃபீல்டாவது காலி என்று தெரியும். பொய்யாக நிரப்பிய பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

கட்டாயமா இல்லையா என்று முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இன்று எழுதாவிட்டால் நாளை வேறு எங்கிருந்தாவது இதை மீட்க முடியுமா? முடியும் என்றால் ஆளிடம் கேட்காதீர்கள். முடியாது என்றால் மட்டும் கட்டாயம். ஆழத்தை எந்தப் புள்ளியிலிருந்து அளந்தீர்கள், ரெஃபரன்ஸ் கம்பி எங்கே இருந்தது, மயக்க மருந்தை எப்போது நிறுத்தினீர்கள் என்பவை அன்று எழுதாவிட்டால் போனதுதான். சாம்பிளிங் ரேட் (வினாடிக்கு எத்தனை அளவீடு), கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு), எந்த 384 எலெக்ட்ரோடு தேர்வானது என்பதெல்லாம் பதிவு மென்பொருளான ஸ்பைக்ஜிஎல்எக்ஸ் எழுதும் மெட்டா ஃபைலிலேயே இருக்கிறது. அதை மனிதர் கையால் மறுபடி எழுதுவது பிழைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல.

சாம்பிளிங் ரேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் எழுதினால் எல்லோரும் 30000 என்றுதான் எழுதுவார்கள். மெட்டா ஃபைலில் அளவீடு செய்த மதிப்பு, உதாரணத்துக்கு, 30000.3 என்று இருக்கும். ஒரு மணி நேரப் பதிவில் 10,80,01,080 சாம்பிள் வரும். அதை 30000ஆல் வகுத்தால் 3600.036 வினாடி. கடைசி ட்ரையலில் ஸ்பைக் (நரம்பணுவின் மின்துடிப்பு) நேரம் 36 மில்லிவினாடி தள்ளி நிற்கும். விஷுவல் கார்டெக்ஸ் (பார்வைக்கான மூளைப் பகுதி) பதில் தாமதத்தை அளக்கிறவருக்கு இது மொத்த விளைவையும் விழுங்கிவிடும் அளவு.

ரா மதிப்பை வோல்ட்டாக்கும் மாற்று எண்ணும் அப்படியே. 1.0 ப்ரோப்பில் கெயின் 500 வைத்தால் 0.6 ÷ 512 ÷ 500, அதாவது ஒரு பிட்டுக்கு 2.34 மைக்ரோவோல்ட். கெயினை யாராவது மாற்றி வைத்திருந்தால் இந்த எண் மாறும். 2.0 வகையில் பிட் எண்ணிக்கையும் கெயினுமே வேறு. ஃபைலிலிருந்து கணக்கிடுங்கள், மனப்பாடமாக எழுதாதீர்கள்.

அடுத்து, செஷனுக்கு ஒரே ஃபைல் என்ற அமைப்பு. இதுதான் வரைவின் பெரிய ஓட்டை. ஒரு எலிக்கு 12 செஷன் என்றால் அதன் மரபணு வகை 12 ஃபைலில் இருக்கும். மறுபரிசோதனையில் ஹெட்டிரோசைகஸ் (மரபணுவின் இரண்டு பிரதிகளும் வெவ்வேறு) என்று தெரியவரும். யாரோ ஒன்பதைத் திருத்துவார், மூன்று அப்படியே கிடக்கும். எது எப்போது மாறுகிறதோ அதற்கேற்ப ஃபைலைப் பிரியுங்கள்:

- சப்ஜெக்ட்: பிறந்த தேதி, பால், இனம், ஸ்ட்ரெய்ன், மரபணு வகை. எலிக்கு ஒன்று.
- அறுவை: ஒவ்வொரு அறுவைக்கும் ஒன்று. வைரஸ் ஊசி ஒரு நாள், ஹெட்பிளேட் இன்னொரு நாள் என்றால் இரண்டு பதிவு.
- கருவி அமைப்பு: திரை, லேசர், கேமரா, மேனிப்புலேட்டர். ஏதாவது மாறும்போது மட்டும் புதிய பதிவு. பழையது அப்படியே இருக்கும்.
- செஷன்: தேதி, நேரம், அன்றைய எடை, செய்தவர், டாஸ்க்.
- செருகல்: ஒரு ப்ரோப்பை ஒரு முறை இறக்கியது. செஷனில் இரண்டு ப்ரோப் என்றால் இரண்டு செருகல்.
- செயலாக்கம்: ஸ்பைக் சார்ட்டர் (எந்த ஸ்பைக் எந்த நரம்பணுவுடையது என்று பிரிக்கும் மென்பொருள்), வெர்ஷன், அளவுருக்கள். மறுபடி ஓட்டினால் புதிய பதிவு. பழையதன் மேல் எழுதக் கூடாது.

செருகலைத் தனி உருப்படியாக வைக்காத ஸ்கீமாவெல்லாம் ஓராண்டுக்குள் "ப்ரோப்1_ஆழம்", "ப்ரோப்2_ஆழம்", "ப்ரோப்3_ஆழம்" என்று பக்கவாட்டில் வளரத் தொடங்கிவிடும். உங்கள் 94இல் எத்தனை அப்படி என்று பாருங்கள்.

ஆலன் நிறுவனத்தின் நியூரல் டைனமிக்ஸ் பிரிவு திறந்த மூலமாக வெளியிட்டிருக்கும் ஏஐஎன்டி டேட்டா ஸ்கீமாவும் இதே பாதையில்தான் போகிறது: சப்ஜெக்ட், ப்ரொசீஜர்ஸ், கருவி, ப்ராசஸிங், குவாலிட்டி கன்ட்ரோல் எல்லாம் தனித்தனி ஜேசன். பைடாண்டிக் (தரவைச் சரிபார்க்கும் பைதான் நூலகம்) வகுப்புகளாக எழுதியிருக்கிறார்கள். அப்படியே எடுத்தால் ஒரு சிறு லேபுக்குப் பாரம் அதிகம். ஆனால் எதை எதோடு சேர்த்திருக்கிறார்கள், எதைப் பிரித்திருக்கிறார்கள் என்று ஒரு மாலை உட்கார்ந்து படித்துப் பார்ப்பது வீண் போகாது.

---

பிட்டுக்குப்பிட்டு பதில்:

இரண்டாவது கேள்விக்கு மட்டும். சொந்த ஸ்கீமாவே வேண்டாம்னு சொல்ற கட்சி நான். பதிவு முடிஞ்ச அன்னிக்கே நியூரோகான்வ்ங்கிற மாற்று டூல் வச்சு என்டபிள்யூபி ஃபைல் எழுதிடுங்க, அதைச் சரிபார்க்கிற என்டபிள்யூபி இன்ஸ்பெக்டரை டாண்டி அமைப்போட ஓட்டுங்க. தப்பு அன்னிக்கே தெரியும். மூணு வருஷம் கழிச்சு டாண்டியில ஏத்தும்போது கண்டுபிடிக்கிறதைவிட எவ்வளவோ மேல்.

டாண்டி கேட்கிறது ரொம்பக் கொஞ்சம்தான்: சப்ஜெக்ட் ஐடி, லத்தீன் இருசொல் பெயரில் இனம், "எலி"ன்னு எழுதினா ஏத்துக்காது, மஸ் மஸ்குலஸ்னு இருக்கணும், பால் (எம்-ஆண், எஃப்-பெண், யு-தெரியாது, ஓ-வேறு, நாலுல ஒண்ணு), வயசு அல்லது பிறந்த தேதி. வயசுன்னா ஐஎஸ்ஓ 8601 வடிவம், 90 நாள் எலிக்கு "பி90டி".

எல்லாரும் விழுற மூணு குழி:

எடை. பைஎன்டபிள்யூபில (என்டபிள்யூபி எழுதுற பைதான் நூலகம்) எடையை வெறும் எண்ணா கொடுத்தா அது கிலோன்னு எடுத்துக்கும். 24.5 கிராம் எலிக்கு 24.5ன்னு கொடுத்தீங்கன்னா ஃபைல்ல "24.5 கிலோ"ன்னு ஏறும். ஆட்டுக்குட்டி சைஸ்ல ஒரு சுண்டெலி. 0.0245ன்னு கொடுங்க, இல்ல அலகோட சரமா கொடுங்க.

நேரம். செஷன் தொடக்க நேரத்தை டைம்சோன் இல்லாம கொடுத்தா, மாற்றம் ஓடுற மெஷினோட டைம்சோனை அதுவா ஒட்டிக்கும். இந்தியாவுல காலை 10:00க்கு எடுத்த பதிவை யுடிசில இருக்கிற சர்வர்ல மாத்தினா, அது பிற்பகல் 3:30 பதிவா ஆயிடும். ஒளி-இருள் சுழற்சி பார்க்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. +05:30ஐ கோடுலயே வெளிப்படையா எழுதுங்க.

கன்வர்ஷன். மின் பதிவை வைக்கிற எலெக்ட்ரிக்கல் சீரீஸ்ல அலகு வோல்ட்தான், மாத்த முடியாது. கன்வர்ஷன் கொடுக்கலைன்னா 1.0. ரா பிட் மதிப்பு 200 அப்படியே 200 வோல்ட்டா வாசிக்கப்படும். மேலே சொன்ன 2.34 மைக்ரோவோல்ட் எண் போக வேண்டிய இடம் இதுதான்.

---

ஆறாம்அடுக்கு பதில்:

குழிகள் மூன்றும் உண்மை. ஆனால் என்டபிள்யூபியை மூலப்பிரதியாக வைப்பதில் உடன்பாடில்லை. என்டபிள்யூபியின் ஹெச்டிஎஃப்5 ஃபைல் 100 ஜிபிக்கு மேல் இருக்கும். அதற்குள் புதைந்த மரபணு வகையில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் செக்சம் (ஃபைலின் சரிபார்ப்பு எண்) மாறும், பேக்கப் முழுதும் மறுபடி ஓடும், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும் இருக்காது. ஜேசனை கிட்டில் (மாற்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) வைத்தால் ஒவ்வொரு திருத்தமும் ஒரு வரியில் தெரியும். என்டபிள்யூபி வெளியே அனுப்பும் பொட்டலம். பொட்டலத்தைத் திறந்து திறந்து திருத்திக்கொண்டிருக்கக் கூடாது, மூலத்தைத் திருத்திப் புதிதாகக் கட்ட வேண்டும்.

அதற்காக வாய்க்கு வந்த பெயர் வைக்கலாம் என்று பொருளில்லை. என்டபிள்யூபியில் இருக்கும் ஒரு ஃபீல்டுக்கு உங்கள் ஸ்கீமாவில் வேறு பெயர் வைக்காதீர்கள். ஒவ்வொரு ஃபீல்டுக்கு எதிரேயும் "இது என்டபிள்யூபியில் எங்கே போகிறது" என்று ஒரு பத்தி வையுங்கள். போக இடமில்லாதவை எத்தனை என்று எண்ணுங்கள். நாலைந்துதான் என்றால் நோட்ஸ் ஃபீல்டில் போடலாம், தொல்லையில்லை. கட்டமைப்போடு இருபது இருந்தால் என்டபிள்யூபி எக்ஸ்டென்ஷன் (கூடுதல் ஃபீல்டு வரையறை) எழுதுவதை யோசியுங்கள். ஆனால் எக்ஸ்டென்ஷனும் பராமரிக்க வேண்டிய இன்னொரு ஸ்கீமாதான் என்பதை மறக்க வேண்டாம்.

---

நூலிழை பதில்:

யாரும் தொடாத ஒன்று. "கையால் எழுதிய யாம்ல்" என்று கேள்வியில் இருக்கிறதே, அதில் ஏற்கனவே சேதம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். பைதானில் பையாம்ல் நூலகம் யாம்ல் 1.1 விதிப்படி படிக்கிறது. மேற்கோள் குறி இல்லாமல் எழுதியவை இப்படி ஆகும்:

- லேசர்: ஆஃப் → பூலியன் ஃபால்ஸ். ஆன் → ட்ரூ. நோ என்று எழுதினாலும் ஃபால்ஸ்தான்.
- விளக்கு அணையும் நேரம் 19:00 → 1140 என்ற எண். அறுபதடிமான எண்ணாகப் படிக்கிறது: 19 × 60. ஆனால் 07:00 பூஜ்யத்தில் தொடங்குவதால் சரமாகவே வரும். ஒரே ஃபீல்டு, பாதி ஃபைலில் எண், பாதியில் சரம்.
- எலி எண் 017 → 15, ஏனென்றால் ஆக்டல் (எட்டடிமான எண்). 018இல் 8 இருப்பதால் அது ஆக்டல் ஆகாது, "018" என்ற சரமாகவே நிற்கும். 15ஆம் எண் எலிக்கு இரண்டு மடங்கு செஷன் இருப்பதாகக் கணக்கு காட்டினால் முதலில் இங்கே பாருங்கள்.
- மரபணு வகை: நல் → ஒன்றுமில்லை. நாக்கவுட் (மரபணு செயலிழந்த) எலியை அப்படித்தான் எழுதுகிறார்கள்! பாண்டாஸ் நூலகமும் சிஎஸ்வி படிக்கும்போது அந்தச் சொல்லைக் காலி என்றே எடுக்கும். முழு அல்லீல் பெயரை எழுதச் சொல்லுங்கள், காலி என்று பொருள்படும் சொற்களை மதிப்பாகவே அனுமதிக்காதீர்கள்.

எக்செல் பக்கம்: கூண்டு எண் 3-4 தேதியாகிவிடும், 2இ5 என்பது 2,00,000 ஆகும். எக்செல் மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களைத் தேதியாக்கித் தொலைத்ததால், 2020இல் மனித மரபணுப் பெயரீட்டுக் குழுவே மார்ச்1ஐ மார்ச்எஃப்1 என்றும் செப்ட்2ஐ செப்டின்2 என்றும் மாற்ற வேண்டி வந்தது. மென்பொருளைத் திருத்த முடியாமல் மரபணுவின் பெயரைத் திருத்தினார்கள். நீங்களும் அதே வழியில் போங்கள்: எக்செல்லால் கெடுக்க முடியாத ஐடி வையுங்கள். எழுத்தில் தொடங்கட்டும், நடுவே கோடு வேண்டாம்.

வேலிடேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேசன் ஸ்கீமா 2020-12இல் "ஃபார்மட்: டேட்-டைம்" என்பது இயல்பில் வெறும் குறிப்பு, சரிபார்ப்பு அல்ல. பைதானின் ஜேசன்ஸ்கீமா நூலகத்தில் ஃபார்மட் செக்கரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் டேட்-டைமுக்குத் தேவையான கூடுதல் பொதி நிறுவப்படாவிட்டால் சத்தமில்லாமல் தேர்ச்சி போட்டுவிடும். "நேற்று மாலை" என்ற தேதியோடு ஒரு ஃபைலை வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள். பச்சை வந்தால் உங்கள் வேலிடேட்டர் இதுவரை தேதியைப் பார்த்ததே இல்லை. பைடாண்டிக்குக்கு மாறினால் கூடுதல் ஃபீல்டுகளைத் தடைசெய்யும் அமைப்பைப் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எழுத்துப்பிழையோடு வரும் விருப்ப ஃபீல்டை அது அப்படியே விழுங்கிவிட்டு எதுவும் சொல்லாது.

---

வெள்ளெலி:

நன்றி. 017 விஷயம் இங்கேயும் நடந்திருக்கிறது, சரிபார்த்தாகிவிட்டது. பக்கவாட்டில் வளர்ந்த ப்ரோப் ஃபீல்டுகள் மட்டும் 27.

ஆழத்தில்தான் சிக்கல். பழைய ஃபைல்களில் "ஆழம்: 3000" அல்லது "ஆழம்: 3.0" என்று மட்டும் இருக்கிறது. சில செருகல்கள் 15 டிகிரி சாய்வு. மூளைப் பகுதி "வி1" (முதன்மைப் பார்வைப் பகுதி) என்று இருக்கிறது. இதை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

---

கார்டெக்ஸ்பாதை பதில்:

"ஆழம்" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று கேள்வி ஒளிந்திருக்கிறது: எதிலிருந்து, எந்தத் திசையில், எந்த அலகில்.

எதிலிருந்து: பிரெக்மாவின் (மண்டையோட்டுத் தையல்கள் சந்திக்கும் புள்ளி) உயரத்திலிருந்தா, மூளையின் மேற்பரப்பிலிருந்தா? மண்டையோடு வளைந்தது. பிரெக்மாவிலிருந்து பக்கவாட்டில் போகப் போக மேற்பரப்பு கீழே இறங்கும். இரண்டு அளவும் ஒன்றாகாது. எந்தத் திசையில்: மேனிப்புலேட்டர் காட்டுவது ப்ரோப் போகும் பாதையின் நீளம். 15 டிகிரி சாய்வில் 3000 மைக்ரோமீட்டர் இறக்கினால் செங்குத்து ஆழம் 2898தான், பக்கவாட்டில் 776 நகர்ந்திருக்கும். சுண்டெலிக்கு முக்கால் மில்லிமீட்டர் என்பது பக்கத்துப் பகுதிக்கே போய்விடும் தூரம்.

ஆகவே செருகலில் இவை இருக்கட்டும்:

- நுழைவுப் புள்ளி முன்-பின், இட-வல அச்சில், பிரெக்மாவிலிருந்து மைக்ரோமீட்டரில். முன்பக்கம் கூட்டல், வலப்பக்கம் கூட்டல் என்று ஸ்கீமா விளக்கத்திலேயே எழுதுங்கள்.
- பாதை நீளம், மைக்ரோமீட்டரில். ஃபீல்டு பெயரிலேயே அலகு இருக்கட்டும்.
- நீளத்தின் தொடக்கப்புள்ளி: மேற்பரப்பு, டியூரா (மூளையின் வெளிச்சவ்வு), பிரெக்மா மட்டம் என மூன்றில் ஒன்று. இது கட்டாயம்.
- சாய்வு கோணமும் சாயும் திசைக் கோணமும். சாய்வு செங்குத்திலிருந்தா கிடைமட்டத்திலிருந்தா என்பதையும் விளக்கத்தில் எழுதாவிட்டால் 15ஐ இன்னொருவர் 75 என்று எழுதுவார்.

செங்குத்து ஆழத்தைச் சேமிக்காதீர்கள், அது கணக்கில் வரும்.

வரம்புச் சோதனையும் போடுங்கள். பாதை நீளம் 50க்குக் கீழே வந்தால் மில்லிமீட்டரில் எழுதிவிட்டார்கள் என்று பொருள். 1.0 ப்ரோப்பின் ஷாங்கே (உள்ளே இறங்கும் தண்டு) 10 மில்லிமீட்டர்தான் என்பதால் 10000க்கு மேல் வர வழியில்லை.

மூளைப் பகுதிக்கு இரண்டு ஃபீல்டு வேண்டும், ஒன்று போதாது: குறிவைத்த பகுதி, இழையியலில் உறுதியான பகுதி. முதலாவது செஷன் அன்றே தெரியும். இரண்டாவது எலியின் மூளையைச் சீவி, சாயத்தடத்தைப் பார்த்து, அட்லஸோடு பொருத்திய பிறகு, ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக வரும். ஒரே ஃபீல்டில் வைத்தால் எது எண்ணம், எது உண்மை என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. இரண்டாவது வந்த பிறகும் முதலாவதை அழிக்காதீர்கள்.

"வி1" என்று மட்டும் எழுதாமல் ஆலன் அட்லஸின் குறியையும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: விஐஎஸ்பி, 385. கூடவே அட்லஸின் பெயரும் பதிப்பும். அந்த அட்லஸின் அடிப்படையான சிசிஎஃப் மூன்றாம் பதிப்பு 1675 எலி மூளைகளின் சராசரி வடிவம். அதில் பிரெக்மா என்ற புள்ளியே வரையறுக்கப்படவில்லை. பிரெக்மா ஆயங்களை அதற்கு மாற்றும் எந்தக் கணக்கும் ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது. எந்த மாற்று அணி பயன்பட்டது என்று செயலாக்கப் பதிவில் எழுதி வையுங்கள்.

இன்னொரு பொறி: என்டபிள்யூபி எலெக்ட்ரோடு அட்டவணையில் கூட்டல் திசைகள் பின்பக்கம், கீழ்ப்பக்கம், வலப்பக்கம். ஸ்டீரியோடாக்சிக் வழக்கத்தில் முன்பக்கம் கூட்டல். ஏற்றுமதிக் கோடில் குறியை மாற்ற மறந்தால் விஷுவல் கார்டெக்ஸ் மூளையின் முன்பக்கம் போய் உட்காரும். படம் போட்டுப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

பழைய "3000"களுக்கு: தொடக்கப்புள்ளி என்ன என்று நோட்டில் இல்லையென்றால் ஊகிக்காதீர்கள். "பதிவாகவில்லை" என்று தனி மதிப்பு கொடுங்கள். காலி என்பதற்குள் மூன்று நிலை உண்டு: பொருந்தாது, பதிவாகவில்லை, தெரியும் ஆனால் வெளியிடவில்லை. மூன்றையும் ஒரே வெற்றிடமாக விட்டால் அடுத்தவர் மறுபடி நோட்டைத் தேடப் போவார்.

---

ஆறாம்அடுக்கு பதில்:

மூன்றாம், நான்காம் கேள்விகளுக்கு வருகிறேன்.

பழையவற்றைப் புதிய கட்டாய விதிகளுக்குள் திணிக்காதீர்கள். அதே ஸ்கீமாவில் "பழையது" என்று ஒரு தளர்வான வடிவம் வையுங்கள்: சப்ஜெக்ட் ஐடி, தேதி, ரா டேட்டாவின் இடம், ப்ரோப் வகை மட்டும் கட்டாயம். கூடவே ஒவ்வொரு மதிப்புக்கும் "எங்கிருந்து வந்தது" என்று ஒரு குறி: நோட்டின் பக்க எண், மெட்டா ஃபைல், கணக்கு, நினைவு. கடைசி வகையை, அதாவது நினைவிலிருந்து வந்ததை, பயன்படுத்தலாமா என்று கட்டுரை எழுதுபவரே முடிவு செய்துகொள்வார்.

180ஐயும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். மிகப் பழைய நான்கு, மிகப் புதிய நான்கு, ஏதோ தவறியதாக எல்லோருக்கும் தெரிந்த இரண்டு, ஆகப் பத்து. அவற்றைக் கையால் நிரப்புங்கள். எந்த ஃபீல்டில் கை நிற்கிறதோ அந்த ஃபீல்டின் வரையறைதான் தவறு. ஸ்கீமாவைத் திருத்திவிட்டு மீதிக்குப் போங்கள். அதிலும் கட்டுரைக்குப் போகும் செஷன்கள் முதலில்.

வெர்ஷனுக்கு வருவோம். ஒவ்வொரு பதிவிலும் ஸ்கீமா வெர்ஷன் என்ற ஃபீல்டு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பின்னால் சேர்த்தால் "வெர்ஷன் இல்லாதது" என்பதே ஒரு வெர்ஷனாகிவிடும். மூன்று இலக்க எண்: விளக்கம் திருந்தினால் கடைசி இலக்கம், விருப்ப ஃபீல்டு சேர்ந்தால் நடு இலக்கம், கட்டாய ஃபீல்டு சேர்ந்தாலோ பெயரோ அலகோ பொருளோ மாறினாலோ முதல் இலக்கம்.

ஒரு பெயரின் அலகை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். மில்லிமீட்டரிலிருந்து மைக்ரோமீட்டருக்குப் போக வேண்டுமானால் புதுப் பெயர் வையுங்கள், பழைய பெயரைக் காலாவதி என்று குறித்து அடுத்த பெரிய வெர்ஷனில் நீக்குங்கள். பழைய பெயரை வேறு பொருளுக்கு மறுபடி எடுப்பது இறந்த எலியின் எண்ணைப் புது எலிக்குக் கொடுப்பது மாதிரி.

மைக்ரேஷனை (பழைய வெர்ஷன் பதிவைப் புதியதாக்குதல்) ஒவ்வொரு படிக்கும் தனி ஃபங்ஷனாக எழுதுங்கள்: 1இலிருந்து 2, 2இலிருந்து 3. 1இலிருந்து 3க்கு நேர்வழி எழுதினால் நாளை 4 வரும்போது மூன்று வழியைப் பராமரிக்க வேண்டியிருக்கும். ஃபங்ஷன் பழைய ஃபைலைத் தொடக் கூடாது, புதியதை வேறிடத்தில் எழுத வேண்டும். சோதனைக்கு உண்மையான பழைய பதிவுகள் ஐந்தை, மோசமானதையும் சேர்த்து, கிட்டில் நிரந்தரமாக வையுங்கள். மாற்ற முடியாதவையும் உண்டு. "மயக்கம்: ஐசோ" (ஐசோஃப்ளூரேன்) என்ற தனி வரியை மருந்து, செறிவு, நேரம் என மூன்றாகப் பிரித்தால் மருந்து மட்டும்தான் கிடைக்கும். மற்ற இரண்டும் "பதிவாகவில்லை". வழக்கமாக 1.5 சதவீதம்தான் வைப்போம் என்று ஃபங்ஷன் தானாக நிரப்பினால் அது மைக்ரேஷன் இல்லை, கட்டுக்கதை.

ஸ்கீமாவை ஒரே இடத்தில் எழுதி மற்றதெல்லாம் அதிலிருந்து பிறக்கும்படி வையுங்கள். மூளைப் படத் தரவை ஒழுங்குபடுத்தும் பிட்ஸ் தரநிலை இதற்கு நல்ல முன்மாதிரி: விதிகளை யாம்ல் ஃபைல்களாக வைத்திருக்கிறார்கள், ஆவணத்தில் நீங்கள் பார்க்கும் அட்டவணைகளும் அதிலிருந்து வருகின்றன, புதிய வேலிடேட்டரும் அதையே படிக்கிறது. ஆவணம் ஒன்று சொல்ல வேலிடேட்டர் வேறொன்று செய்வதற்கு இடம் குறைகிறது. உங்கள் அளவுக்கு லிங்க்எம்எல் என்ற ஸ்கீமா மொழி போதும்: ஒரு யாம்லிலிருந்து ஜேசன் ஸ்கீமா, பைடாண்டிக் வகுப்பு, ஆவணப் பக்கம் மூன்றும் உருவாகும்.

புதிய ஃபீல்டு கேட்டு வருபவர் மூன்று கொண்டுவரட்டும்: நிரப்பிய ஒரு மாதிரிப் பதிவு, அந்த ஃபீல்டைப் படிக்கப்போகும் ஸ்கிரிப்ட் எது என்ற பதில், பழைய பதிவுகளுக்கு என்ன மதிப்பு என்ற பதில். இரண்டாவதற்கு "பின்னால் உதவும்" என்று பதில் வந்தால் சேர்க்க வேண்டாம். பட்டியலில் தேர்ந்தெடுக்கும் ஃபீல்டு எல்லாவற்றிலும் "வேறு" என்ற தேர்வும் பக்கத்தில் எழுத ஒரு பெட்டியும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பெட்டிகளைப் படியுங்கள். ஒரே சொல் ஐந்து தடவை வந்தால் பட்டியலில் ஏற்றுங்கள். "வேறு" இல்லாத பட்டியலில் மக்கள் முதல் தேர்வையே அழுத்திவிட்டுப் போவார்கள்.

---

வெள்ளெலி:

புரிகிறது. ஆறு உருப்படியாகப் பிரித்து, மெட்டா ஃபைலிலிருந்து வருவதை எல்லாம் கழித்தால், ஆள் கையால் நிரப்ப வேண்டிய கட்டாய ஃபீல்டு செஷனுக்கு 6, செருகலுக்கு 8 என்று நிற்கிறது. ஐடிக்கு "லேப்பெயர்_எலிஎண்_தேதி" என்று வைக்கலாம் என்று எண்ணம். சரியா?

---

நூலிழை பதில்:

அடிக்கோடு வேண்டாம், இடைக்கோடும் வேண்டாம். இதே எலிகளை நாளை எம்ஆர்ஐயில் வைத்தால் பிட்ஸுக்குப் போக நேரும். அங்கே அடிக்கோடும் இடைக்கோடும் ஃபைல் பெயரைப் பிரிக்கும் குறிகள், சப்ஜெக்ட் லேபிளுக்குள் வரக் கூடாது. எழுத்தும் எண்ணும் மட்டும் வையுங்கள், எழுத்தில் தொடங்கி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் மட்டும் பிரியும் இரண்டு ஐடி இருக்கக் கூடாது. லினக்ஸில் இரண்டு ஃபோல்டராக இருப்பது விண்டோஸில் ஒன்றின் மேல் ஒன்று எழுதும்.

தேதியையும் லேபையும் ஐடிக்குள் வைக்காதீர்கள். தேதி தவறு என்று பிறகு தெரிந்தால் ஐடியை மாற்ற வேண்டும். மாற்றினால் அதைச் சுட்டும் செருகல், செயலாக்கப் பதிவுகள் எல்லாம் அறுந்துவிடும். பொருளே இல்லாத தொடர் எண் போதும். தேதி தனி ஃபீல்டில் இருக்கிறதே. ஃபோல்டர் பெயரில் மனிதர் வசதிக்குத் தேதி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்த ஸ்கிரிப்டும் ஃபோல்டர் பெயரை வெட்டித் தேதி எடுக்கக் கூடாது. காதுப் பட்டை எண்ணை ஐடியாக்க வேண்டாம், கூண்டு காலியானதும் அதை அடுத்த எலிக்குக் குத்துவார்கள். அதை சப்ஜெக்ட் பதிவில் இன்னொரு ஃபீல்டாக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதோடு வையுங்கள்.